மழை மாதங்களில் எதைக் குடிப்பது? தண்ணீர், தே, ரசம், இளநீர்: ஒரு ஒப்பீடு

டிசம்பர் பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், சிங்கப்பூரில் தண்ணீர்ப் போத்தல்கள் நிரம்பியபடியே வீடு திரும்பும். காலையில் பையில் வைத்தது சாயங்காலம் அப்படியே இருக்கும். தாகம் எடுக்கவில்லை, அவ்வளவுதான். வெளியே 23, 24 டிகிரி. மழை இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்தால் அதற்கும் கொஞ்சம் கீழே. 1934 ஜனவரியில் இந்தத் தீவில் 19.4 டிகிரி பதிவானதை இன்றைக்கும் பெரிய குளிர் என்று பேசுகிறார்கள். ஊட்டிக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் வருடம் முழுக்க 31, 32 டிகிரியில் வேர்த்துப் பழகிய உடம்புக்கு இதுதான் குளிர்காலம். எம்ஆர்டி ரயிலில் ஸ்வெட்டர்கள் தலைகாட்டத் தொடங்கிவிடும்.

தாகமே இல்லாத இந்த நாட்களில் எதைக் குடிப்பது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். காப்பி உடம்பை வறட்டிவிடும் என்பார் ஒருவர். இளநீருக்கு ஈடு இல்லை என்பார் இன்னொருவர். வெந்நீர் குடித்தால் கொழுப்பு கரையும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். என் கட்சி வேறு: எதைக் குடித்தாலும் உள்ளே போகிற தண்ணீர் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கிறது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசம் அதோடு ஒட்டிக்கொண்டு வருவதில் இருக்கிறது. சர்க்கரை வரலாம், உப்பு வரலாம், கஃபீன் வரலாம், பில்லும் வரலாம். அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் சொன்ன அளவு, பெண்களுக்கு நாளுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். இதில் சோறு, குழம்பு, பழம் ஆகியவற்றில் இருக்கும் தண்ணீரும் சேர்த்தி. உணவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வந்துவிடும் என்று வைத்துக்கொண்டால், குடிக்க வேண்டியது ஒன்றரை லிட்டருக்கு மேல், இரண்டு லிட்டர் வரை. மழை நாளில் வியர்வை குறைவு என்பதால் மே மாதத்தில் குடித்த அளவு தேவைப்படாது. அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சிக்கல் என்னவென்றால், தேவை கொஞ்சம்தான் குறைகிறது, நாம் குடிப்பதோ பாதியாகிவிடுகிறது.

இதற்கு ஏர்கான் மேல் பழி போடுவது வழக்கம். உடம்பிலிருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும் என்பார்கள். சிங்கப்பூரின் எஸ்எஸ் 554 தர விதி, அலுவலகங்களில் 24 முதல் 26 டிகிரியும், புதிய கட்டடங்களில் 65 சதவீதத்துக்குள்ளும் பழையவற்றில் 70 சதவீதத்துக்குள்ளும் ஈரப்பதமும் இருக்கச் சொல்கிறது. அந்த அளவுக்குப் பக்கத்தில் இருக்கிற காற்று ஒன்றும் பாலைவனக் காற்று இல்லை. ஏர்கான் செய்வது வேறொன்று. வியர்க்க விடாது, தாகத்தை நினைவுபடுத்தாது. நிஜக் குளிரில் இது இன்னும் பலமாக நடக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், குளிரில் இருந்தவர்களுக்குத் தாக உணர்வு 40 சதவீதம் வரை குறைந்திருந்தது. குளிரில் தோலை ஒட்டிய ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்கு வந்துவிடுகிறது. அங்கே ரத்தம் நிறைய இருப்பதால், தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது என்று மூளை நம்பிவிடுகிறது. நம் ஊர் 24 டிகிரிக்கு அந்த 40 சதவீதத்தை அப்படியே தூக்கி வைக்க முடியாதுதான். ஆனால் தாகம் வந்த பிறகு குடித்துக்கொள்ளலாம் என்ற வழி மழை மாதங்களில் அவ்வளவாகக் கைகொடுக்காது என்பது மட்டும் நிச்சயம்.

இந்த விஷயத்தில் தேசிய சேவைக்குப் போய்வந்த பையன்களிடம் பாடம் கேட்கலாம். ராணுவத்தில் ‘வாட்டர் பரேட்’ என்று ஒன்று உண்டு. எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து, போத்தலைத் தூக்கச் சொல்லிக் குடிக்க வைப்பார்கள். தாகம் இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். மணி அடித்தால் குடி, அவ்வளவுதான். மழை நாளில் அலுவலகத்துக்கும் அந்த முறை பொருந்தும், கத்துவதற்கு சார்ஜண்ட் மட்டும் இல்லை.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விலையில் குழாய்த் தண்ணீரை எதுவும் நெருங்க முடியாது. 2025 ஏப்ரல் முதல் வீடுகளுக்கு மாதம் 40 கன மீட்டர் வரை ஒரு கன மீட்டருக்கு 3.24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரு கன மீட்டர் என்றால் 1,000 லிட்டர். அதாவது ஒரு வெள்ளிக்கு 300 லிட்டருக்கும் மேல். கடையில் ஒரு சின்னப் போத்தல் தண்ணீர் வாங்கும் காசில் வீட்டில் சில மாதங்களுக்குக் குடிக்கலாம். பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் தண்ணீரை அப்படியே குழாயிலிருந்து பிடித்துக் குடிக்கலாம், கொதிக்க வைக்கத் தேவையில்லை. ஆனாலும் நம் வீடுகளில் பாதிக்கு மேல் ராத்திரி ஒரு கெண்டி கொதித்து ஆறிக்கொண்டுதான் இருக்கும். அம்மா காலத்துப் பழக்கம், அதில் தப்பொன்றும் இல்லை. குழாயில் லேசாக ஒரு மருந்து வாடை தெரிகிறதென்று சொல்பவர்கள் உண்டு. கிருமிநாசினி சேர்ப்பதால் வருவது அது. கூஜாவில் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அவ்வளவாகத் தெரியாது.

மழை நாளில் இந்தத் தண்ணீரைச் சூடாக்கிக் குடிப்பதே மேல் என்பேன். வெந்நீர் கொழுப்பைக் கரைக்காது, நச்சை இழுத்து வெளியே தள்ளாது. அதற்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு: ஏர்கானில் விரல் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது ஜில்லென்ற தண்ணீர் ஒரு மிடறுக்கு மேல் இறங்காது, வெதுவெதுப்பானது ஒரு தம்ளர் இறங்கிவிடும். அந்தத் தகுதியே போதும். ஃப்ளாஸ்க்கில் ஒரு அங்குலத் துண்டு சுக்கைத் தட்டிப்போட்டோ, அரைக் கரண்டி சீரகம் போட்டோ வைத்தால் இன்னும் சுலபம். ஆனால் ஃப்ளாஸ்க் வாயிலிருந்தே நேராக உறிஞ்சாதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புண்டு என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. மூடியில் ஊற்றி, விரல் மாற்றாமல் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும்.

அடுத்தது நம் ஆட்களின் உயிர்மூச்சு, தேயும் காப்பியும். இவை தண்ணீர்க் கணக்கில் சேராது என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். இங்கிலாந்தில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், காப்பி குடித்துப் பழகிய 50 ஆண்களுக்கு நாளுக்கு நான்கு கோப்பை காப்பி கொடுத்தும், அதே அளவு தண்ணீர் கொடுத்தும் பார்த்தார்கள். உடம்பின் நீர்ச்சத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 2016இல் வந்த இன்னோர் ஆய்வு 72 ஆண்களிடம் பல பானங்களை ஒப்பிட்டது. தே, காப்பி, கோலா எல்லாம் தண்ணீரைப் போலவேதான் உடம்பில் தங்கின. தண்ணீரைவிட அதிக நேரம் தங்கியவை பாலும், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலும். ஆக, காப்பிக் கடையில் குடிக்கிற தே தண்ணீர்க் கணக்கில் தாராளமாகச் சேரும். நாளுக்கு மூன்று நான்கு கோப்பைக்கு மேல் போகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கஃபீன் அளவு தனிக் கவலை. அதோடு மத்தியானம் மூன்று மணிக்கு மேல் குடித்தால் சிலருக்குத் தூக்கம் போய்விடும்.

இந்தத் தேயோடு ஒட்டிக்கொண்டு வருவதைத்தான் பார்க்க வேண்டும். கடைக்காரர் தே கலக்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? கோப்பையின் அடியில் கெட்டிப்பாலைச் சரித்து ஊற்றுவார். அது வெள்ளையாக ஒரு விரல் கனத்துக்குப் படிந்து நிற்கும். அதன் மேல் கறுப்பாகச் சாயத்தை இறக்கி, ஒரு கரண்டியைச் செருகித் தள்ளிவிடுவார். அந்த வெள்ளைப் படிவம் முழுக்கச் சர்க்கரைப் பால். கரண்டியை இரண்டு சுற்று மட்டும் சுற்றிவிட்டு, அடியில் மிச்சத்தை விட்டுவிடுவது ஒரு தந்திரம். கடைக்காரர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும். அதைவிட நேரான வழி, கேட்கும்போதே சரியாகக் கேட்பது. “அண்ணே, ஒரு தே-ஓ கோசோங்” என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கணக்குப்படி அது வண்ணம் போட்ட வெந்நீர். பால் இல்லாமல் முடியாதென்றால் ‘தே-சி கோசோங்’, அதில் இனிப்பில்லாத ஆவியாக்கிய பால் மட்டும். ‘சியூ தாய்’ என்றால் இனிப்பு குறையும், எவ்வளவு குறையும் என்பது கடைக்காரர் கையைப் பொறுத்தது. மழைக்கு இதமான இஞ்சித் தே, அதாவது தே ஹாலியாவையும் கோசோங்காகக் கேட்கலாம். முதல் இரண்டு வாய் கசக்கும். அப்புறம் இஞ்சிக் காரம் ஏறியதும் சர்க்கரை ஞாபகத்துக்கு வராது.

சர்க்கரையைப் பற்றிப் பேசினால் நியூட்ரி-கிரேட் எழுத்துகளுக்கு வராமல் இருக்க முடியாது. 2022 டிசம்பர் 30 முதல் போத்தல், டப்பா பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலக்கிக் கொடுக்கும் பானங்களுக்கும் இந்தத் தர எழுத்து வந்துவிட்டது. சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு என்பதால் காப்பிக் கடைத் தேயில் அதைத் தேடிப் பயனில்லை. 100 மில்லியில் 1 கிராமுக்குள் சர்க்கரை இருந்து, செயற்கை இனிப்பும் இல்லாவிட்டால் ‘ஏ’. 5 கிராம் வரை ‘பி’. 10 வரை ‘சி’. அதற்கு மேல் ‘டி’. பலரும் ‘பி’ என்று பார்த்தவுடன் நிம்மதியாகத் தூக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். எழுத்து 100 மில்லிக்கான கணக்கு, நாம் குடிப்பது முழுப் போத்தலை. 5 கிராம் உள்ள ‘பி’ பானத்தில் 500 மில்லிப் போத்தல் ஒன்றைக் குடித்தால் 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போகும். நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைக்கும் மேல்வரம்பு 50 கிராம். பாதி அங்கேயே தீர்ந்தது. நாளெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருக்க ‘பி’ பானம் சரிப்படாது.

இந்த இடத்தில் பார்லிக்காக ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். வீட்டில் ஒரு பிடி பார்லியைக் கொதிக்கவைத்து, சிட்டிகை உப்பு போட்டு, சர்க்கரை போடாமல் குடித்தால் அருமையான பானம், கிட்டத்தட்டச் சும்மா கிடைப்பது. அதே பார்லி காகிதப் பெட்டிக்குள் போனதும் இனிப்புத் தண்ணீராகிவிடுகிறது. கிரிசாந்தமம் டீக்கும் இதே கதைதான். மைலோ சாப்பாட்டுக் கணக்கில் சேர வேண்டியது, தாகத்துக்கு வேண்டாம்.

உப்பும் சர்க்கரையும் கலந்த விளையாட்டுப் பானங்களுக்கு ஒரு நியாயமான இடம் உண்டு, ஆனால் அந்த இடம் அலுவலக மேசை கிடையாது. ஃப்ரேசர் அண்ட் நீவ் தன் நூறாவது ஆண்டை ஒட்டி 1983இல் கொண்டுவந்த 100 பிளஸ் போன்றவை, மணிக்கணக்கில் வியர்வையைச் சிந்துபவர்களுக்கு உதவும். மழை மாதங்களிலேயே நமக்கு அப்படி ஒரு நாள் வருகிறது, தைப்பூசம். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் காவடியின் பாரமும், காத்திருக்கும் நேரமும், முதல்நாளிலிருந்தே சரியாகச் சாப்பிடாத வயிறும் சேர்ந்தால் அது எளிய நடை இல்லை. அன்றைக்கு உப்பு போட்ட நீர்மோரோ விளையாட்டுப் பானமோ வெறும் தண்ணீரைவிட நல்லது. என்னைக் கேட்டால் மோருக்குத்தான் ஓட்டு. கட்டுமானத் தளத்தில் மழைக்கோட்டுக்குள் வேர்த்து வேலை செய்யும் தம்பிகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். மழையில் நனைந்த சட்டைக்கும் வியர்வையில் நனைந்த சட்டைக்கும் வித்தியாசம் தெரியாததால், எவ்வளவு இழந்தோம் என்பது அவர்களுக்குத் தெரிவதே இல்லை.

வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் விளையாட்டுப் பானத்தை நம்ப வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் கரைசல் பொட்டலம்தான் சரி. உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும், கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும் இருக்கும். விளையாட்டுப் பானத்தில் சர்க்கரை இதைவிட மிக அதிகம், உப்பு மிகக் குறைவு.

இளநீர் நல்லதுதான், தேக்கா சந்தையில் சீவிக் கையில் கொடுத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? தினமும் என்றால் காசு கட்டுப்படியாகாது. பொட்டாசியம் நிறைய இருப்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மழை மாதங்களில் உண்மையாக ஜெயிப்பது, யாரும் பானம் என்று எண்ணாத ஒன்று: ரசம். மத்தியானச் சாப்பாட்டில் ஒரு தம்ளர் ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல் தனியாகக் குடித்தால் 200 மில்லி அங்கேயே வந்துவிட்டது. மிளகும் சீரகமும் தொண்டையில் இறங்குவதால் யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. கஞ்சியும் அப்படித்தான், முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். சீனப் புத்தாண்டு வந்தால் வீடெல்லாம் குவியும் மாண்டரின் ஆரஞ்சிலும் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான். பக்கத்து வீட்டார் கொடுத்த ஆரஞ்சை வாடவிடாமல் சாப்பிட்டு முடிப்பதே ஒரு நீர்ச்சத்துத் திட்டம்.

ஆனால் சூப்பிலும் ரசத்திலும் உப்பு வரும். 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வுப்படி சிங்கப்பூர்வாசிகள் நாளுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் எடுத்துக்கொள்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2,000. அதனால் வீட்டு ரசத்துக்கும் உணவங்காடி சூப்புக்கும் ஒரே மதிப்பெண் போட மாட்டேன். வீட்டில் புளியையும் உப்பையும் குறைத்து நீர்க்க வைக்கலாம். கடையில் வாங்கும் மீன் சூப்பையோ சூப் துலாங் என்ற எலும்பு சூப்பையோ கிண்ணத்தின் அடிவரை குடித்து முடிக்காமல் பாதியை விட்டுவிடலாம்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் கொரியாவுக்கோ ஜப்பானுக்கோ போகிறவர்கள் இதுவரை சொன்ன கணக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கேதான் குளிர்காலம் நிஜமானது. விமானத்துக்குள்ளேயே ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். இறங்கியதும் வாயிலிருந்து புகை வருகிறதென்று பிள்ளைகள் குதிப்பார்கள். அந்தப் புகை அவர்கள் உடம்பிலிருந்து போகிற தண்ணீர். அறைக்குள் வந்தால் சூடேற்றும் கருவி காற்றை இன்னும் உலர்த்தி வைத்திருக்கும். இதோடு குளிரில் சிறுநீர் அதிகமாகப் பிரியும். ரத்தம் உடம்பின் நடுப்பகுதியில் குவிவதால் மிச்சத் தண்ணீரைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. அதனால் சிறுநீர் வெளிறி இருக்கிறதே, தண்ணீர் போதும் என்று அங்கே முடிவு செய்துவிட முடியாது. இங்கே சிங்கப்பூரில் அந்த அடையாளம் ஓரளவு நம்பகமானது: வெளிர் மஞ்சள் என்றால் சரி, அடர்ந்த மஞ்சள் என்றால் குடிக்க வேண்டும். பி வைட்டமின் மாத்திரை போடுபவர்களுக்கு மட்டும் எப்போதும் பளிச்சென்ற மஞ்சள்தான், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பயணத்துக்கு வெற்றுப் போத்தல் ஒன்று போதும். சாங்கி விமான நிலையத்தின் 1, 2, 3ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாசலுக்குப் பக்கத்தில் நடப்பதால் நிரம்பிய போத்தலை அங்கே கொட்டத்தான் வேண்டிவரும். கொரிய உணவகங்களில் பல இடங்களில் சாப்பாட்டோடு வறுத்த பார்லித் தண்ணீரை வைப்பார்கள், துளி இனிப்பு இருக்காது. நம் பெட்டிப் பார்லிக்குப் பழகிய பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், இரண்டாம் நாள் பழகிவிடும். ஒரு குவளை குடித்துவிட்டு வெளியே இறங்குங்கள்.

திரும்ப நம் வீட்டுக்கு. நாள் முழுக்க மேசை வேலை செய்பவருக்கு என் தேர்வு, ஃப்ளாஸ்க்கில் வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீர், இடையில் இரண்டு கோசோங், மத்தியானம் ஒரு தம்ளர் ரசம். பள்ளிப் பிள்ளைக்கு வெறும் தண்ணீரும் ஒரு தம்ளர் பாலும். வயதானவர்கள் விஷயம் கொஞ்சம் கடினம். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும். “அம்மா, தண்ணி குடிச்சீங்களா?” என்று கேட்டால், “தாகமே இல்லப்பா, குடிச்சா ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கணும்” என்று பதில் வரும். அந்தப் பயம் நியாயமானது. ஈரமான குளியலறைத் தரையில் அரைத் தூக்கத்தில் நடப்பது ஆபத்துதான். அவர்களுக்கு அளவைவிட நேரத்தை மாற்றுவது பலிக்கும். காலை எழுந்ததும், பத்து மணிக்கு, மதியம், நாலு மணிக்கு என்று பெரும்பகுதியை ஆறு மணிக்குள் முடித்துவிட்டு, ராத்திரி மாத்திரைக்கு மட்டும் அரைத் தம்ளர்.

இதய பலவீனம் உள்ளவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இந்த ஒப்பீடு பொருந்தாது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெடுவது அதிகமுள்ள நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று என்பதால் நம் குடும்பங்களில் இப்படி ஒருவராவது இருப்பார். அவர்களுக்கு நாளுக்கு எத்தனை மில்லி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பார். அந்த அளவுக்குள் தண்ணீர் மட்டுமல்லாமல் தே, ரசம், கஞ்சி, வாயில் போட்டுக்கொள்ளும் ஐஸ் துண்டு எல்லாமே அடங்கும். ஆரஞ்சு, இளநீர் இரண்டையும் பொட்டாசியத்துக்காகத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.